எழுப்பிவிடுகிறவன் தூங்கிப்போன அன்று

ஒவ்வொரு வீட்டிலும், கேஸை மூடியாச்சா என்று படுத்த பிறகு எழுந்துபோய்ப் பார்க்கிற ஆள் ஒருவர் இருப்பார். மற்றவர்கள் அவரைக் கிண்டல் செய்வார்கள். ஆனால் அவர்கள் நிம்மதியாகத் தூங்குவதே அந்த ஆளை நம்பித்தான். பயந்தாங்கொள்ளிகளின் தயவில்தான் இந்த உலகமே குறட்டை விடுகிறது என்பது என் கட்சி. எங்கள் ரயில் பெட்டியில் அந்தப் பயந்தாங்கொள்ளி நான்.

திண்டிவனத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலை எனக்கு. வீடு விழுப்புரத்தில். ("இதுல தெளிவா தெரியுதா, அதுல தெளிவா தெரியுதா" என்று நாள் முழுக்கக் கேட்கிற ஆசாமி. பாதிப் பேர் இரண்டிலும் தெரியுது என்பார்கள். மீதிப் பேர் இரண்டிலும் தெரியலை என்பார்கள். நடுவில் நான் என்ன செய்ய?) போக ஒரு ரயில், வர ஒரு ரயில். சாயங்கால ரயில் விழுப்புரத்தோடு நிற்காது, பாண்டிச்சேரி வரைக்கும் போகும். இதை நீங்கள் மறந்துவிட வேண்டாம். நான் மறந்ததே போதும்.

கடைசிப் பெட்டியின் கோடியில் எங்கள் ஜமா உட்காரும். பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிற பாஸ்கர் சார், ஓய்வு பெறப் போகிறவர். மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) மண்டியில் எடை போடுகிற ஏழுமலை. டயர் பட்டறையில் வேலை செய்கிற செல்வராஜ் அண்ணன். அப்புறம் நான். பெயர் குமரன் என்றாலும் ரயிலில் என்னைக் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

ரயில் திண்டிவனத்தை விட்டதும் ஏழுமலை மடியிலிருந்து மல்லாட்டையை எடுப்பார். அதைத் தின்று முடிக்கவும் மயிலம் வரவும் சரியாக இருக்கும். அதற்கு மேல் மூன்று பேரும் தலையைச் சாய்த்துவிடுவார்கள். நான் உட்கார்ந்திருப்பேன். முண்டியம்பாக்கத்தில் செல்வராஜ் அண்ணனின் முட்டியைத் தட்டி இறக்கிவிட வேண்டும். விழுப்புரத்தில் மற்ற இரண்டு பேரையும் எழுப்ப வேண்டும். இதற்கென்று யாரும் கூட்டம் போட்டு என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. நான் தூங்கி யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"கண்ணாடி இருக்கச் சொல்ல நமக்கு இன்னா கவலை" என்பார் செல்வராஜ் அண்ணன், கண்ணை மூடிக்கொண்டே.

கவலையெல்லாம் கண்ணாடியிடம்தான் இருந்தது. யாருக்கோ தப்பான பவர் எழுதிக் கொடுத்துவிட்டேன், அந்த ஆள் இப்போது வண்டியைக் கொண்டுபோய் ஏரியில் விட்டிருப்பார் என்று தோன்றும். கடை ஷட்டரைப் பூட்டிய ஞாபகம் இருக்கும், பூட்டியதாக நம்பிக்கை இருக்காது. நெஞ்சுக்குள் யாரோ ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று போய்விட்டது போல் இருக்கும். சில காலைகளில் பல் துலக்கும் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, இதை வாய் வரைக்கும் யார் தூக்குவது என்று நின்றிருக்கிறேன். கல்யாணமாகி, நல்ல மனைவி வாய்த்து, சம்பளம் ஒழுங்காக வருகிறவனுக்கு அழுவதற்கு என்ன உரிமை இருக்கிறது என்று எனக்கு என் மேலேயே கோபம் வேறு.

மாரடைப்பு என்று முடிவு செய்து (முடிவு செய்தது நான்தான்) ஒரு டாக்டரிடம் போனேன். அவர் இதயத்தைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தான் ஓடுது. நீங்கதான் ஓடாம நிக்கிறீங்க" என்றார். மாத்திரையோடு ஒரு போன் நம்பரும் கொடுத்தார். இப்படித்தான் பதற்றமும் மனச்சோர்வும் உள்ளவர்களுக்கான ஆன்லைன் குழுவில் போய்ச் சேர்ந்தேன்.

வாரம் ஒரு மாலை, போன் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக நாங்கள் கூடுவோம். கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து ஒரு மேடம் நடத்துவார். மற்றவர்கள் எந்த ஊர், என்ன சொல்லி அழுதார்கள் என்பதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். குழுவில் பேசியது குழுவோடு, அது சட்டம். என் அவமானம் மட்டும் என் சொந்தச் சொத்து, அதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதித் தருவேன்.

வீட்டில் என்ன சொல்வது? ரேவதிக்கு, என் மனைவிக்கு, விஷயம் தெரிந்தால் அவள் அம்மாவுக்குத் தெரியும். அவள் அம்மாவுக்குத் தெரிந்தால் விழுப்புரத்துக்கே தெரியும். 'மாப்பிள்ளைக்கு மனசு சரியில்லையாம்' என்ற ஒரு வரி போதும், அதற்கப்புறம் நான் காபி வேண்டாம் என்றாலும் அதற்கு ஒரு அர்த்தம் வந்துவிடும். எனவே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு என்று சொல்லிவிட்டு, மொட்டை மாடியில் தண்ணீர் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன்.

"இன்னிக்கு இன்னா சொல்லிக் குடுத்தாங்க?" என்பாள் ரேவதி.

"கிராமர்."

"பேசவே மாட்டாங்களா?"

"அடுத்த மாசம்."

மாதங்கள் போய்க்கொண்டே இருந்தன.

குழுவின் முடிவில் எப்போதும் ஒரு தளர்வுப் பயிற்சி உண்டு. கண்ணை மூடி, மூச்சைக் கவனித்து, கால் விரலிலிருந்து ஒவ்வொரு உறுப்பாக விடுதலை கொடுக்க வேண்டும். மற்றவர்கள் முகமெல்லாம் இளகி, பிறந்த குழந்தை மாதிரி எழுந்து வருவார்கள். எனக்குக் கணுக்காலைத் தாண்டி விடுதலை கிடைத்ததே இல்லை. தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழிகிறதா என்று ஒரு காது பார்த்துக்கொண்டே இருக்கும். (காது பார்க்குமா என்று கேட்காதீர்கள், என் காது பார்க்கும்.)

இப்போது செல்வராஜ் அண்ணன் கதையைச் சொல்லியாக வேண்டும். அவர் முன்பெல்லாம் சம்பள நாளானால் முண்டியம்பாக்கத்தில் இறங்க மாட்டார். நேராகப் பாண்டிச்சேரி. அங்கே எதற்குப் போவார் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போன பங்குனியில் எங்கள் ஜமா குடும்பத்தோடு மயிலம் கோயிலுக்குப் போயிருந்தபோது, அவர் மனைவி மல்லிகா அக்கா எல்லார் முன்னாலும் அவரிடம் சொன்னார்: "இன்னொரு வாட்டி நீ பாண்டிச்சேரியில எறங்குனன்னு தெரிஞ்சா, நானும் புள்ளைங்களும் செஞ்சிக்குப் போயிடுவோம், எங்கம்மா வூட்டுக்கு. கூப்புட வராத." அது மிரட்டல் இல்லை என்று எங்களுக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். அன்றைக்குக் குடியை விட்டவர், அப்புறம் தொடவில்லை. தினமும் ரயில் நேரம் முடிந்ததும் அக்கா வீடியோ கால் போடுவார். அண்ணன் தெருமுனையைக் காட்டுவார், கோயிலைக் காட்டுவார், வாயைத் திறந்தும் காட்டுவார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. மேடத்துக்கு ஏதோ வேலை, குழுவை முன்னதாக வைத்துவிட்டார். எனக்கு அது சரியாக ரயில் நேரம். விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த வாரம் எனக்கு மோசமான வாரம். பல் துலக்கும் பிரஷ் ரொம்பக் கனத்த வாரம். எனவே காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கேமராவை மூடிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

"கண்ணாடி, பாட்டு கேக்குறியா?" என்றார் ஏழுமலை.

"இங்கிலீஷ் கிளாஸ்ணா" என்றேன். (பொய்யில் ஒரு ஒழுங்கு வேண்டும், வீட்டுக்கொன்று ரயிலுக்கொன்று வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகாது.)

மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம். மயிலம் மலை மேல் கோயில் விளக்குகளை அப்போதுதான் போட்டிருந்தார்கள். ஏரியில் வானம் இறங்கிப் படுத்திருந்தது. மல்லாட்டை பிடுங்கிய கொல்லைகளில் ஈர மண் வாசனை. என் முன்னால் மூன்று பேரும் வழக்கம்போல் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். குழுவில் எல்லாரும் பேசி முடித்ததும் பயிற்சி ஆரம்பமானது. மேடத்தின் குரல் காதுக்குள் மெதுவாக வந்தது.

"கால் விரல்களை விட்டுருங்க. அது உங்களோடது இல்லைன்னு நெனைச்சுக்குங்க."

விட்டேன். ரயில் அதை ஏந்திக்கொண்டது.

"முழங்காலை விட்டுருங்க."

வழக்கமாக மாட்டிக்கொள்கிற கணுக்காலைத் தாண்டிவிட்டேன் என்பதே எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. சக்கரத்தின் தாளமும் மேடத்தின் குரலும் ஒன்றாகிவிட்டன. பேரணி ஸ்டேஷன் ஜன்னலருகே வந்து நின்று, என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனது. விக்கிரவாண்டி வந்தது. அதன் பெயர்ப்பலகையில் எழுத்துகள் மேலே பெரிதாகவும் கீழே போகப் போகச் சின்னதாகவும் இருந்தன. "இதுல தெளிவா தெரியுதா, அதுல தெளிவா தெரியுதா?" என்று பலகை என்னைக் கேட்டது. இரண்டிலும் தெரிகிறது என்றேன். சந்தோஷமாகச் சொன்னேன். பெட்டியில் எல்லாரும் சோதனைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, நல்ல பவர் கிடைத்த நிம்மதியில் தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் எங்கேயும் இறங்க வேண்டியிருக்கவில்லை. நெஞ்சில் மூட்டையை இறக்கி வைத்த ஆள் திரும்பி வந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு போனார். கரும்பு வேகிற வாசனை எங்கிருந்தோ வந்து என் மேல் ஒரு போர்வையைப் போட்டது.

அவ்வளவு நல்ல தூக்கத்தை நான் அதற்கு முன் தூங்கியதில்லை.

யாரோ விளக்குமாற்றின் பின்பக்கத்தால் சீட்டைத் தட்டினார்கள். பெட்டி பெருக்குகிற அம்மா. "எறங்குங்கப்பா, வண்டி இதுக்கு மேல எங்கயும் போவாது. கடல்தான் இருக்குது" என்றார்.

வெளியே பார்த்தேன். மஞ்சள் பலகை. புதுச்சேரி. எழுத்து ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது.

பாஸ்கர் சார் எழுந்து, "விழுப்புரத்துல எப்பப்பா பிளாட்பாரத்தை மாத்துனாங்க?" என்றார். ஏழுமலை பலகையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். செல்வராஜ் அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. அவர் போனைத்தான் பார்த்தார். அது அடித்துக்கொண்டிருந்தது. மல்லிகா அக்கா. வீடியோ கால்.

"எடுக்காதீங்க" என்றேன்.

"எடுக்கலன்னாதாண்டா குடிச்சிருக்கேன்னு அர்த்தம்" என்றபடி எடுத்துவிட்டார். எடுத்த மனிதர் கொஞ்சம் தள்ளி நின்றிருக்கலாம். அவர் தலைக்குப் பின்னால், கோயில் திருவாசி மாதிரி, புதுச்சேரி என்ற பலகை முழுசாகத் தெரிந்தது.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி" என்றார். அப்புறம், "புள்ளைங்க துணியை எடுத்து வெக்கிறேன்" என்றார்.

"ஏய் மல்லிகா, சத்தியமா தூங்கிட்டேன். கண்ணாடி எழுப்பல."

"கண்ணாடியா? அவன் தூங்க மாட்டானேய்யா. நாலு பேரும் சேர்ந்துக்கினு போயி உக்காந்துட்டு, அந்தப் புள்ள தலையில போடுறியா?"

என் நற்பெயர்தான் அண்ணனின் கழுத்தை அறுத்தது. போனை வாங்கினேன். "அக்கா, நான் தூங்கிட்டேன்கா. இயர்போன்ல ஒரு பயிற்சி கேட்டுக்கினு இருந்தேன். அதுல தூங்கிட்டேன்."

"இன்னா பயிற்சி?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பழக்க தோஷம், "ஸ்போக்கன் இங்கிலீஷ்" என்று வந்துவிட்டது.

"இங்கிலீஷ் கேட்டுட்டு நாலு பேரும் பாண்டிச்சேரி வரைக்கும் தூங்குனீங்க. அப்டித்தான? இரு, உன் பொண்டாட்டியக் கேக்குறேன்" என்று அக்கா ரேவதியையும் அந்த வீடியோ காலிலேயே இழுத்துவிட்டார். ரேவதி தோசைக்கரண்டியோடு வந்தாள். "ஆமாக்கா, கிளாஸ் உண்டு. ஆனா அது ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி, மாடியிலதான் நடக்கும்" என்று நேர்மையாகச் சாட்சி சொன்னாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். பின்னாலிருந்த பலகையைப் பார்த்தாள்.

செல்வராஜ் அண்ணன் பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "போவட்டும் வுடுடா. நம்புற மாதிரியா நான் வாழ்ந்தேன்" என்றார். அத்தனை மாதமாகத் தொடாத மனிதர். அவர் பெண் குழந்தையின் படம் அந்தப் போனின் உறையில் ஒட்டியிருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு இனியும் பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"இங்கிலீஷ் கிளாஸ் இல்லக்கா. ரேவதி, நீயும் கேட்டுக்க. எனக்கு மனசு சரியில்ல. ரொம்ப நாளா பயமா இருக்கு, எதுக்குன்னு தெரியல. அழுவையா வருது. அதுக்கு ஒரு குழுவுல சேர்ந்திருக்கேன். கவுன்சிலிங் குடுக்குறாங்க. இன்னிக்கு அவங்க சொல்லிக் குடுத்த பயிற்சியிலதான் தூங்கிட்டேன்."

பாஸ்கர் சார் இருமினார். ஏழுமலை மடியில் மிச்சமிருந்த மல்லாட்டையைத் துழாவினார். அக்கா மட்டும் அசையவில்லை. "யாரு நடத்துறாங்களோ அவங்களக் கூப்புடு. அவங்க சொன்னா நம்புறேன்."

மேடத்தைக் கூப்பிட்டேன். அவரும் ஒரு கட்டமாக வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மிகுந்த மரியாதையுடன், "மன்னிக்கோணுங்க. இந்தப் பேருல ஒருத்தர் எங்க குழுவுல இருக்காரா இல்லையான்னு நான் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுங்க" என்றார்.

"மேடம், அந்த ஒருத்தர் நான்தான் மேடம்."

"தெரியுதுங்க. ஆனா தெரியும்னு நான் சொல்லக் கூடாதுங்களே."

இந்த விதியை முதல் வாரத்தில் மூன்று தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டவன் நான்தான். "நானே சொல்லச் சொல்றேன் மேடம். மனப்பூர்வமா சொல்றேன். ஒரு குடும்பம் செஞ்சிக்குப் போவப் போவுது, சொல்லுங்க மேடம்" என்று ஸ்டேஷனில் நின்று கெஞ்சினேன். தேநீர் விற்கிறவர் நின்று வேடிக்கை பார்த்தார்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "சரிங்க. தூங்கினது உண்மைங்க. அவரு மைக்கை மூடலை. பயிற்சி முடிஞ்சு எல்லாரும் கண்ணைத் தொறந்தா, ரயில் சத்தத்துக்கு நடுவுல குறட்டை கேக்குது. எழுப்பலாமான்னு ஒருத்தர் கேட்டாரு. மத்தவங்க விடலைங்க. இத்தனை மாசத்துல அவரு கண்ணை முழுசா மூடினதே இல்லை, தூங்கட்டும்னு சொல்லிட்டாங்க. கொஞ்ச நேரம் யாருமே பேசாம, அதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தோம். ஒருத்தருக்கு கண்ணுல தண்ணியே வந்துருச்சு. கடைசி ஸ்டேஷன்ல இறங்குறவர்னு நான் நெனைச்சுக்கிட்டேங்க. தப்பு என்னோடதுங்க."

மல்லிகா அக்காவின் முகம் திரையில் அப்படியே நின்றது. சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"மேடம்" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "இந்த ஆளு எப்ப வருவாரு, எப்டி வருவாருன்னு வருஷக் கணக்கா முழிச்சிக்கினே கெடந்துட்டேன். இப்ப அவுரு ஒழுங்கா வந்துர்றாரு. எனக்குத்தான் தூக்கம் திரும்பி வரல. அந்த கிளாஸ்ல எனக்கு ஒரு எடம் கெடைக்குமா?"

செல்வராஜ் அண்ணன் பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. ஏழுமலை அவர் கையில் கொஞ்சம் மல்லாட்டையை வைத்து அழுத்தினார். எங்கள் ஊர் ஆண்களுக்கு அதற்கு மேல் ஆறுதல் சொல்லத் தெரியாது.

பஸ் ஏறித் திரும்பினோம். எல்லையில் சரக்கு சோதனை செய்கிறவர்கள் ஏறி, பாண்டிச்சேரியிலிருந்து கையை வீசிக்கொண்டு திரும்புகிற நான்கு ஆண்களைப் பார்த்துக் கலவரமாகி, எங்கள் பைகளை இரண்டு முறை கொட்டிக் கவிழ்த்தார்கள். மல்லாட்டைத் தோலும் கண்ணாடி துடைக்கிற துணியும்தான் கிடைத்தன. "அப்ப எதுக்குத்தான்யா போனீங்க?" என்று ஒருவர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். "தூங்கறதுக்கு" என்றார் பாஸ்கர் சார்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ரேவதி ஸ்கூட்டியோடு நின்றாள். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்து முதுகை வளைத்து வைத்திருந்தேன். தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "பயமா இருக்குன்னு எங்கிட்ட தமிழ்லயே சொல்லியிருக்கலாம்ல."



இது நடந்ததில் சேதங்கள் உண்டு. எழுப்பிவிடுகிற வேலையிலிருந்து என்னை அன்றைக்கே நீக்கிவிட்டார்கள். பாஸ்கர் சார் இப்போது தூங்குவதில்லை. நான் தூங்கிவிடுவேனோ என்று என்னையே பார்த்துக்கொண்டு வருகிறார். மல்லிகா அக்கா குழுவில் சேர்ந்தாரா என்று நீங்கள் கேட்கக்கூடாது, நான் சொல்லக்கூடாது. செஞ்சிக்கு மட்டும் அவர் பொங்கலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

எதிர்பார்த்தபடியே என் மாமியாருக்குத் தெரிந்தது, விழுப்புரத்துக்கும் தெரிந்தது. ஆனால் ஊர் பிடித்துக்கொண்டது என் மனச்சோர்வை அல்ல, பாண்டிச்சேரியை. எங்கள் வீட்டில் தூக்கத்துக்கே இப்போது அதுதான் பெயர். ஞாயிற்றுக்கிழமை மதியம் யாராவது போன் செய்தால், "அவரு பாண்டிச்சேரி போயிருக்காரு" என்பாள் ரேவதி. மாமியார் பேரப்பிள்ளைகளைத் தட்டித் தூங்க வைக்கும்போது, "போங்கடா பாண்டிச்சேரிக்கு" என்கிறார். விவரம் தெரியாத ஒரு சித்தப்பா, மாப்பிள்ளை வாரா வாரம் பாண்டிச்சேரி போகிறாராமே என்று ரொம்பக் கவலைப்பட்டு, எனக்கு அறிவுரை சொல்ல நேரிலேயே வந்துவிட்டார். அப்போதும் நான் பாண்டிச்சேரியில்தான் இருந்தேன்.

குணமாகிவிட்டேனா என்றால், முழுசாக இல்லை. மாத்திரை இருக்கிறது, குழு இருக்கிறது, சில நாள் மூட்டையும் வந்துவிடுகிறது. அந்த மாதிரி நாட்களில் நான் புரண்டுகொண்டிருப்பது ரேவதிக்கு எப்படியோ தெரிந்துவிடும். கண்ணைத் திறக்காமலே, "டிக்கெட் கெடைக்கலியா?" என்பாள்.

"கெடைக்கல."

"சரி, நானும் வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கேன்" என்று எழுந்து, என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.